பிறர் அந்தரங்கம்: நம் கையில் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு



நம் பங்குகளில் இன்று அன்பியத்திற்கு ஒரு வாட்ஸ்அப் குழு, பங்குப்பேரவைக்கு ஒன்று, இளையோருக்கு ஒன்று, மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு ஒன்று, பாடகர் குழுவிற்கு ஒன்று என்று பல குழுக்கள் இயங்குகின்றன. திருப்பலி நேரம் மாறினால் சில நிமிடங்களில் எல்லா வீடுகளுக்கும் செய்தி போய்விடுகிறது. யாருக்காவது அவசரமாக இரத்தம் தேவைப்பட்டால் கோவை அரசு மருத்துவமனை வாசலில் நம் இளைஞர்கள் வந்து நிற்கிறார்கள். 2020-ஆம் ஆண்டு கொரோனா காலத்தில் ஆலயங்கள் மூடப்பட்டபோது, வீட்டிலிருந்தபடியே திருப்பலியில் ஒன்றித்துச் செபிக்க இந்தக் கருவிகளே நமக்கு உதவின. ஆகவே, சமூக ஊடகம் தீயது என்று சொல்வது நம் நோக்கமன்று.

ஆனால் இதே குழுக்களில் வேறு சிலவும் வருகின்றன. மருத்துவமனைப் படுக்கையில் குழாய்களோடு கிடக்கும் ஒருவரின் படம். கீழே அவருடைய பெயர், ஊர், நோயின் பெயர், "செபியுங்கள்" என்ற வேண்டுகோள். அரிசி மூட்டையை வாங்கிக்கொண்டு தலைகுனிந்து நிற்கும் கைம்பெண்ணின் படம். புதுநன்மை வாங்கிய பிள்ளைகளின் படங்கள். கூடவே அவர்களுடைய பெயரும் பள்ளியும் வகுப்பும். யாரோ ஒரு பெண்ணைப் பற்றிய வீடியோ. அதன் கீழே "எல்லாருக்கும் அனுப்பி எச்சரியுங்கள்" என்ற வாசகம்.

அனுப்பியவரைக் கேட்டால், "நல்ல எண்ணத்தில்தான் அனுப்பினேன் சாமி" என்பார். பெரும்பாலும் அது உண்மையாகவே இருக்கும். ஆனால் படத்தில் இருப்பவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள்.

நம்முடைய சொந்த விவரங்களை எப்படிக் காத்துக்கொள்வது என்பது பற்றிப் பலரும் எழுதுகிறார்கள். கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லக்கூடாது, ஆதார் அட்டையைப் படமெடுத்துக் குழுக்களில் போடக்கூடாது, அறிமுகமில்லாதவரின் நட்பு அழைப்பை ஏற்கக்கூடாது என்பவை எல்லாம் தேவையான அறிவுரைகளே. எனினும், விசுவாசிகளாகிய நாம் அதற்கும் முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பிறருடைய அந்தரங்கம் நம் கைக்கு வந்து சேரும்போது நாம் என்ன செய்கிறோம்? இந்தக் கேள்வியை இன்று சிந்திப்போம்.

அந்தரங்கம் என்றால் என்ன?

நம் கொங்கு நாட்டின் பழைய வீடுகளில் முன்னால் திண்ணை இருக்கும். வழிப்போக்கரும் அதில் உட்காரலாம். உள்ளே வந்தால் ஒறம்பரைகள் அமரும் இடம் இருக்கும். அதற்கும் உள்ளே வீட்டாருக்கு மட்டுமான அறை. அந்த அறையின் கதவு மூடியிருப்பதால் உள்ளே ஏதோ தவறு நடக்கிறது என்று யாரும் நினைப்பதில்லை. யாரை எதுவரை அனுமதிப்பது என்பதை முடிவு செய்கிற உரிமை வீட்டுக்காரருடையது, அவ்வளவுதான். அந்தரங்கம் என்பதும் இதுதான். நம் உடல், நோய், வறுமை, குடும்பச் சிக்கல், கண்ணீர் ஆகியவற்றை யாரிடம், எப்போது, எவ்வளவு திறந்து காட்டுவது என்பதை நாமே தீர்மானிக்கும் உரிமை அது.

"ஒளிக்க எதுவும் இல்லாதவனுக்கு அந்தரங்கம் எதற்கு?" என்று சிலர் கேட்பதுண்டு. செபிக்கும்போது உள்ளறைக்குச் சென்று கதவை அடைத்துக்கொள்ளும்படி நம் ஆண்டவரே கற்பித்தார் (மத் 6:6). செபம் ஒளிக்க வேண்டிய குற்றமா? மனித உள்ளத்தில் இறைவனுக்கும் மிக நெருங்கியவர்களுக்கும் மட்டுமே உரிய ஓர் இடம் உண்டு. அந்த இடத்தை மதிப்பது மனிதரை மதிப்பதாகும்.

நம் நாட்டின் உச்ச நீதிமன்றமும் இதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என்றும், அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் உயிர் வாழும் உரிமையிலும் தனிமனிதச் சுதந்திரத்திலும் அது அடங்கியுள்ளது என்றும் அந்தத் தீர்ப்பு உறுதிசெய்தது. படித்தவர், பாமரர், பணக்காரர், பனியன் கம்பெனித் தொழிலாளி என்ற வேறுபாடு இந்த உரிமைக்கு இல்லை.

பொள்ளாச்சி கற்றுத்தந்த பாடம்

இந்த உரிமை மீறப்பட்டால் என்ன ஆகும், காக்கப்பட்டால் என்ன ஆகும் என்ற இரண்டையும் நம் பகுதியிலேயே நாம் கண்டுவிட்டோம்.

2019 பிப்ரவரியில் பொள்ளாச்சியில் ஒரு கல்லூரி மாணவி துணிந்து காவல்துறையில் புகார் அளித்தார். பெண்களிடம் நட்பாகப் பழகி, தனியிடத்திற்கு வரவழைத்து, பாலியல் வன்முறைக்கு உட்படுத்தி, அதை வீடியோவாகப் பதிவுசெய்து, பிறகு அந்த வீடியோவைக் காட்டியே மிரட்டி வந்த ஒரு கும்பலின் கொடுஞ்செயல்கள் அதன்பின் வெளிவந்தன. நாடே அதிர்ந்தது.

அந்தக் கும்பல் எதை நம்பி இவ்வளவு துணிந்தது என்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்கள் தங்கள் கையிலிருந்த செல்பேசியை நம்பினார்கள். அதைவிட அதிகமாக நம்மை நம்பினார்கள். வீடியோ வெளியே போனால் ஊரார் அதைப் பார்ப்பார்கள், பகிர்வார்கள், அந்தப் பெண்ணையே குறை சொல்வார்கள் என்று கணக்கிட்டார்கள். ஊர் அப்படி நடந்துகொள்ளாது என்று அந்தப் பெண்களுக்கு உறுதியாகத் தெரிந்திருந்தால், அந்த மிரட்டலுக்குப் பாதிப் பலம் போயிருக்கும்.

அடுத்து நடந்தது இன்னும் வேதனையானது. புகார் அளித்தவரின் பெயரை மாவட்டக் காவல்துறையின் உயர் அதிகாரியே செய்தியாளர்களிடம் வெளியிட்டார். வழக்கை சிபிஐ விசாரணைக்கு மாற்றும் அரசாணையிலும் அவரை அடையாளம் காட்டும் விவரங்கள் இடம்பெற்றன. பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணின் அழுகுரல் பதிவான வீடியோ, செல்பேசிக்குச் செல்பேசி பரவியது. பரப்பியவர்களில் பலர் கெட்டவர்கள் அல்லர். கோபத்தினால் அனுப்பினார்கள், நீதி வேண்டும் என்ற ஆர்வத்தினால் அனுப்பினார்கள். ஆனால் குற்றவாளிகள் எதைச் செய்யப்போவதாக மிரட்டினார்களோ, அதையே நல்லவர்களும் செய்து முடித்தார்கள்.

2019 மார்ச் மாதம் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தலையிட்டது. அடையாளம் வெளியானதற்காக அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க அரசுக்கு உத்தரவிட்டது. அவருடைய விவரங்கள் இல்லாத புதிய அரசாணையை வெளியிடவும் சொன்னது.

ஆறு ஆண்டுகள் கடந்தன. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேரையும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்து, சாகும்வரை ஆயுள் சிறை விதித்தது. பாதிக்கப்பட்ட எட்டுப் பெண்களுக்கும் சேர்த்து 85 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது. விசாரணை, பொதுமக்கள் பார்வைக்கு அப்பால் மூடிய அறையில் நடைபெற்றது. சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழ்சாட்சியாக மாறவில்லை என்று அரசுத் தரப்பு வழக்கறிஞர் தெரிவித்தார்.

இதில் நமக்கொரு பாடம் இருக்கிறது. அந்தப் பெண்களுக்கு நீதி கிடைக்க, அவர்கள் யார் என்று ஊருக்குத் தெரிய வேண்டிய தேவையே இருக்கவில்லை. தெரிய வேண்டியவர்களுக்கு மட்டும் தெரிந்தது. அந்தப் பாதுகாப்பு இருந்ததால்தான் அவர்களால் நீதிமன்றத்தில் வாய் திறந்து பேச முடிந்தது. அந்தரங்கம் காக்கப்பட்டபோதுதான் உண்மை வெளிவந்தது.

விவிலியம் காட்டும் இரண்டு வழிகள்

தொடக்கநூல் 9-ஆம் அதிகாரத்தில், திராட்சை மது அருந்திய நோவா தம் கூடாரத்தில் ஆடையின்றிக் கிடந்த நிகழ்ச்சியைப் படிக்கிறோம். மகன் காம் அதைக் கண்டான். வெளியே போய்த் தன் சகோதரர்களிடம் சொன்னான். சேமும் எப்பேத்தும் வேறு வழியைத் தேர்ந்துகொண்டார்கள். ஒரு மேலாடையைத் தோள்மேல் போட்டுக்கொண்டு, முகத்தைத் திருப்பியபடி, பின்னோக்கி நடந்து சென்று தந்தையை மூடினார்கள். காம் பொய் சொல்லவில்லை; கண்டதைத்தான் சொன்னான். ஆயினும் விவிலியம் அவனைப் பாராட்டவில்லை. உண்மையாக இருந்தால் மட்டும் போதாது. வெளியே சொல்லத் தகுந்ததா என்ற கேள்வியும் உண்டு. இன்று நம் செல்பேசிக்கு ஒருவருடைய மானம் கெடும் படம் வரும்போது, நம்முன் இந்த இரண்டு வழிகளே உள்ளன. ஒன்று காமின் வழி. மற்றொன்று சேம், எப்பேத்தின் வழி.

தானியேல் நூல் 13-ஆம் அதிகாரத்தில் வரும் சூசன்னாவின் வரலாறு பொள்ளாச்சிக்கு மிக நெருக்கமானது. அவர் தோட்டத்தில் தனியாக இருந்தபோது இரண்டு முதியோர் ஒளிந்திருந்து பார்த்தார்கள். தங்கள் ஆசைக்கு இணங்காவிட்டால் அவர்மேல் பழி சுமத்துவோம் என்று மிரட்டினார்கள். அவர்களும் ஊராரையே நம்பினார்கள். பெரியவர்கள் சொன்னதை ஊர் நம்பியது. சூசன்னாவை விசாரிக்காமலே தண்டிக்கத் துணிந்தது. தானியேல் என்ற இளைஞர்தான் கூட்டத்தோடு சேர்ந்து கூச்சலிடாமல், இரு முதியோரையும் தனித்தனியே விசாரித்து உண்மையைக் கொண்டுவந்தார். ஒரு பெண்ணைப் பற்றிய செய்தியைக் கண்டதும் நம்பிப் பரப்பும் கூட்டத்தில் நாம் இருக்கிறோமா, நிறுத்தி விசாரிக்கும் தானியேலாக இருக்கிறோமா?

புதிய ஏற்பாட்டில் புனித யோசேப்பைப் பாருங்கள். மரியாவைப் பற்றித் தமக்குப் புரியாத ஒரு செய்தி அவரிடம் வந்து சேர்ந்தது. சட்டம் அவர் பக்கம் இருந்தது. ஊரைக் கூட்டியிருக்கலாம். ஆனால் அவரை இகழ்ச்சிக்கு உள்ளாக்க விரும்பாமல், யாருக்கும் தெரியாமல் விலகிக்கொள்ளத் திட்டமிட்டார் (மத் 1:19). வானதூதர் கனவில் தோன்றி விளக்கும் முன்பே அவர் எடுத்த முடிவு அது. யோசேப்பை நேர்மையாளர் என்று நற்செய்தியாளர் அழைப்பது இந்த இடத்தில்தான் என்பதை நாம் கவனிக்க வேண்டும். செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு, அதைப் பரப்பாமல் இருந்த நேர்மை அது.

நம் ஆண்டவரும் அப்படியே செய்தார். விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைக் கூட்டத்தின் நடுவே நிறுத்தியபோது அவர் குனிந்து தரையில் எழுதினார் (யோவா 8). காது கேளாதவரைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் சென்று குணமாக்கினார் (மாற் 7:33). யாயிரின் மகளை எழுப்பும்போது அழுது புலம்பிய கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டு, பெற்றோரையும் மூன்று சீடர்களையும் மட்டும் உள்ளே அழைத்துச் சென்றார். நடந்ததை யாருக்கும் தெரிவிக்கக்கூடாது என்றும் சொன்னார் (மாற் 5:37-43). அந்தச் சிறுமி மற்றவர்களுக்கு ஒரு காட்சிப்பொருள் ஆகிவிடக்கூடாது என்ற அக்கறை அதில் தெரிகிறது.

திருச்சபையின் போதனை

பொய் சொல்லிப் பிறர் பெயரைக் கெடுப்பது பாவம் என்பது நமக்குத் தெரியும். ஆனால் தகுந்த காரணமின்றி, பிறருடைய உண்மையான குறைகளையே அவற்றை அறியாதவர்களிடம் சொல்வதும் எட்டாம் கட்டளைக்கு எதிரானது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி கற்பிக்கிறது (எண் 2477). மக்களுடைய தனிவாழ்வைப் பொறுத்தவரை ஒவ்வொருவரும் தகுந்த அடக்கத்தோடு நடந்துகொள்ள வேண்டும் என்றும் அது கூறுகிறது (எண் 2492). 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, ஒருவருடைய நற்பெயரைக் கெடுக்கவோ அந்தரங்க உரிமையை மீறவோ யாருக்கும் அனுமதியில்லை என்று 220-ஆம் சட்டத்தில் வரையறுக்கிறது. நம் திருவள்ளுவரும் புறங்கூறாமைக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார்.

இந்தப் போதனையின் உச்சமாக விளங்குவது ஒப்புரவு அருட்சாதனத்தின் முத்திரை. பாவ அறிக்கையில் கேட்டதை வெளியிடும் குருவுக்குக் கடும் தண்டனை உண்டு என்று 1215-ஆம் ஆண்டின் நான்காம் இலாத்தரன் சங்கம் வகுத்தது. குருவாகிய எங்களுக்கு மட்டுமல்ல, பாவ அறிக்கையின்போது மொழிபெயர்ப்பாளராக இருப்பவருக்கும், எவ்வழியிலாவது அதை அறிய நேரிட்டவருக்கும் இரகசியம் காக்கும் கடமை உண்டு என்று 983-ஆம் சட்டம் கூறுகிறது. தற்செயலாகக் காதில் விழுந்தாலும் பொறுப்பு வந்துவிடுகிறது. இதே மனநிலையோடு நாம் செல்பேசியைக் கையில் எடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

திருத்தந்தை பிரான்சிஸ், 2020-இல் வெளியிட்ட 'அனைவரும் உடன்பிறந்தோர்' என்ற சுற்றுமடலில், மூடிய மனங்கள் பெருகும் அதே காலத்தில் பிறருடைய வாழ்வுக்கும் நமக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி சுருங்கி வருவதையும், அந்தரங்கத்துக்கான உரிமை மங்கி எல்லாமே வேடிக்கைப் பொருளாவதையும் சுட்டிக்காட்டினார் (எண் 42).

16-ஆம் நூற்றாண்டில் உரோமையில் வாழ்ந்த புனித பிலிப்பு நேரியைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. புறங்கூறும் பழக்கமுள்ள ஒரு பெண்ணுக்கு, ஒரு கோழியின் இறகுகளைத் தெருவெல்லாம் பிய்த்துப் போட்டுவிட்டு, பிறகு அவற்றைத் திரும்பப் பொறுக்கி வரும்படி அவர் பரிகாரம் கொடுத்தாராம். காற்று அடித்துச் சென்ற இறகுகளை யாரால் பொறுக்க முடியும்? செல்பேசியில் நிலைமை இன்னும் கடினம். ஒவ்வோர் இறகும் பறக்கிற இடமெல்லாம் நூறாகப் பெருகுகிறது. ஒரு குழுவில் ஆயிரம் பேர்வரை இருக்கலாம். அனுப்பியதைப் பின்னர் அழிக்க வசதி இருந்தாலும், அதற்குள் யாராவது சேமித்திருந்தால், திரையைப் படம்பிடித்திருந்தால், வேறு குழுவிற்கு அனுப்பியிருந்தால், அந்தப் பிரதியை நம்மால் அழிக்க முடியாது.

அந்தரங்கம் வேறு, மூடிமறைப்பது வேறு

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். "அந்தரங்கம்" என்ற சொல்லைக் குற்றவாளிகளும் பயன்படுத்துவார்கள். "வெளியே சொன்னால் குடும்ப மானம் போகும்" என்று பாதிக்கப்பட்டவரின் வாயை அடைப்பது அந்தரங்கத்தைக் காப்பதாகாது. அது குற்றத்தைக் காப்பது. பாதிக்கப்பட்டவரின் அடையாளம் மறைக்கப்பட வேண்டும். குற்றம் உரியவரிடம் சொல்லப்பட வேண்டும். இரண்டும் சேர்ந்தே போக வேண்டும்.

இதைத் திருச்சபையும் மிகுந்த வேதனையோடு கற்றுக்கொண்டது. சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்களில் இரகசியம் என்ற பெயரால் உண்மை மறைக்கப்பட்டதும் உண்டு. ஆகவே திருத்தந்தை பிரான்சிஸ், 2019 டிசம்பரில், இத்தகைய வழக்குகளுக்கு இருந்த திருப்பீட இரகசிய விதியை நீக்கினார். அதே வேளையில் சம்பந்தப்பட்டவர்களின் நற்பெயரும் அந்தரங்கமும் காக்கப்பட வேண்டும் என்றும் வரையறுத்தார். நம் நாட்டின் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்தவர் அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிப்பது காவல்துறைக்கு, குழுக்களுக்கு அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

"நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன், அவ்வளவுதான்" என்பது நாம் அடிக்கடி கேட்கும் சமாதானம். பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவு ஒன்றை பேஸ்புக்கில் பகிர்ந்தவரின் வழக்கில், ஒரு செய்தியைப் பகிர்வது அதை ஏற்றுக்கொண்டு ஆதரிப்பதற்குச் சமம் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2018-இல் கூறியது.

பாலியல் வன்முறைக்கு உள்ளானவரின் பெயரையோ, அவரை அடையாளம் காட்டும் விவரத்தையோ வெளியிடுவது குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவு இதற்கு இரண்டு ஆண்டுகள்வரை சிறை விதிக்கிறது. பெயரைச் சொல்லாமல், ஊர், கல்லூரி, உறவினர் பெயர் போன்றவற்றால் குறிப்பாக உணர்த்துவதும் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் தெளிவுபடுத்தியது. சமூக ஊடகத்திற்கும் இது பொருந்தும். ஒருவருடைய அந்தரங்க உறுப்புகளை அவர் சம்மதமின்றிப் படமெடுப்பதும் அனுப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவின்படி மூன்று ஆண்டுகள்வரை சிறைக்குரிய குற்றம். பாலியல் செயலைக் காட்டும் வீடியோவை வெளியிடுவதும் பரப்புவதும் 67-ஏ பிரிவின்படி முதல் முறையே ஐந்து ஆண்டுகள்வரை சிறைக்குரியவை.

நம் பங்குகளிலும் வீடுகளிலும்

சட்டத்துக்கு அஞ்சி மட்டுமல்ல, அன்பினால் நாம் கடைப்பிடிக்கக்கூடிய சில வழிகளைக் காண்போம்.

1. செப வேண்டுதல். நோயாளியின் படமும் நோயின் பெயரும் இன்றியே நம்மால் செபிக்க முடியும். இறைவனுக்கு மருத்துவ அறிக்கை தேவையில்லை. "நம் அன்பியத்தைச் சேர்ந்த ஒரு சகோதரருக்காகச் செபிப்போம்" என்பதே போதும். பெயரைச் சொல்ல வேண்டுமானால், நோயாளியிடமோ, அவரால் இயலாவிட்டால் வீட்டாரிடமோ கேட்டுவிட்டுச் சொல்வோம். சில நோய்களின் பெயர் வெளியே தெரிந்தால் வேலை போகும், பெண்ணின் திருமணப் பேச்சு நிற்கும் என்பதை நாம் அறியாதவர்கள் அல்லர்.

2. பிறரன்பு உதவி. வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்பது ஆண்டவருடைய போதனை (மத் 6:3). கொடுக்கிறவருக்குக் கணக்கு காட்ட வேண்டுமானால் பொருள்களைப் படமெடுக்கலாம், இரசீது வைக்கலாம். வாங்குகிறவரின் முகம் வேண்டாம். அவருடைய பிள்ளை படிக்கும் வகுப்பிலும் அந்தப் படம் சுற்றி வரும்.

3. பிள்ளைகளின் படங்கள். புதுநன்மை, உறுதிபூசுதல், மறைக்கல்வி விழா ஆகியவற்றின் படங்களைப் பொதுவில் வெளியிடுமுன் பெற்றோரின் சம்மதம் கேட்போம். குழுவாக எடுத்த படமே போதும். முகத்தோடு பெயர், பள்ளி, வகுப்பு, வீட்டு முகவரி ஆகியவற்றைச் சேர்க்காதிருப்போம். பள்ளிச் சீருடையும் அடையாள அட்டையும் படத்தில் தெரிந்தாலே அந்தப் பிள்ளை தினமும் எங்கே இருக்கும் என்பதை அந்நியர் அறிந்துகொள்ளலாம். தெளிவான ஒரு முகப்படம் கிடைத்தால் செயற்கை நுண்ணறிவுக் கருவியால் போலிப் படம் தயாரிக்க முடிகிற காலம் இது.

4. வீட்டுச் செய்திகள். "குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குக் கிளம்பிவிட்டோம்" என்று ஸ்டேட்டஸ் வைப்பது, வீடு பூட்டியிருக்கிறது என்று அறிவிப்பதும் ஆகும். போய்வந்த பிறகு படங்களைப் பகிர்ந்தால் மகிழ்ச்சி குறையாது. கணவன் மனைவி மனத்தாங்கலை, மருமகள் பற்றிய குறையை ஸ்டேட்டஸில் மறைமுகமாக எழுதுவதையும் விட்டுவிடுவோம். குறை இருந்தால் முதலில் அவரிடமே தனியாகப் பேசும்படி ஆண்டவர் சொன்னார் (மத் 18:15).

5. விபத்தும் இறப்பும். விபத்தில் கிடப்பவரைப் படமெடுக்கும் கை, 108-ஐ அழைக்கட்டும். குடும்பத்தார் அறியுமுன் இறப்புச் செய்தியைப் படத்தோடு பரப்புவது பெரும் கொடுமை. வெளியூரில் இருக்கும் மகன், தன் தந்தை இறந்ததைக் குழுவில் வரும் படத்தைப் பார்த்தா அறிய வேண்டும்?

6. தவறான படம் வந்தால். திறந்து பார்த்துவிட்டுக் கண்டிப்பதைவிட, பார்க்காமல் அழிப்பது மேல். அனுப்பியவரிடம் தனியாக, பணிவோடு, "இதை அனுப்ப வேண்டாங்க, அந்தப் பெண்ணும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே" என்று சொல்வோம். குழுவின் நிர்வாகியாக இருப்பவர் அதை உடனே நீக்கட்டும்.

பாதிக்கப்பட்டவர் நம்மிடம் வந்தால்

2016-இல் சேலம் மாவட்டத்தில் ஓர் இளம்பெண்ணின் முகத்தை ஆபாசப் படத்தோடு ஒட்டி பேஸ்புக்கில் வெளியிட்டார்கள். புகார் கொடுத்தும் படம் உடனே நீக்கப்படவில்லை. தன் சொல்லை வீட்டாரே நம்பவில்லையே என்ற வேதனையை எழுதிவைத்துவிட்டு அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். இப்படிப்பட்ட வேளையில் பிள்ளைகளுக்கு முதலில் தேவைப்படுவது, "நாங்கள் உன்னை நம்புகிறோம், தவறு உன்னுடையதல்ல" என்ற வார்த்தை. ஆனால் பல வீடுகளில் முதலில் நடப்பது என்ன? மகளின் செல்பேசியைப் பிடுங்குகிறோம், படிப்பை நிறுத்துகிறோம், அவசரமாக மாப்பிள்ளை பார்க்கிறோம். இதைக் காணும் மற்றப் பிள்ளைகள், தங்களுக்கு ஏதாவது நேர்ந்தால் வீட்டில் சொல்லவே கூடாது என்று கற்றுக்கொள்கிறார்கள். மிரட்டுகிறவனுக்கு அந்த மௌனம்தான் வேண்டும்.

மிரட்டுகிறவனுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். ஒருமுறை கொடுத்தால் மீண்டும் கேட்பான். உரையாடல்களை அழிக்காமல் சான்றாக வைத்திருங்கள். சைபர் குற்றங்களுக்கான 1930 என்ற எண்ணையோ, மத்திய அரசின் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தையோ அணுகலாம். பெண்கள், குழந்தைகள் தொடர்பான ஆபாசப் பதிவுகள் பற்றி அந்த இணையதளத்தில் பெயர் சொல்லாமலும் புகார் தர வசதி உண்டு. குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181 ஆகிய உதவி எண்கள் உள்ளன. எந்தக் காவல் நிலையத்திலும் புகார் அளிக்கலாம். "இது எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்பச் சட்டம் இடம் தரவில்லை. அந்தரங்கப் படம் அல்லது ஒட்டுப்படம் பற்றிப் பாதிக்கப்பட்டவர் நேரடியாக முறையிட்டால், சமூக ஊடக நிறுவனம் 24 மணி நேரத்துக்கு மிகாமல் அதை நீக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2021-இல் வந்த விதிகள் வரையறுத்தன. 'ஸ்டாப் என்சிஐஐ' என்ற இலவச இணையச் சேவையும் உண்டு. அது நம் படத்தை வாங்கிக்கொள்வதில்லை. படத்திலிருந்து ஓர் எண் அடையாளத்தை மட்டும் நம் கருவியிலேயே உருவாக்கி, பங்கேற்கும் நிறுவனங்கள் அதே படத்தைத் தடுக்க உதவுகிறது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களின் படங்களுக்கு 'டேக் இட் டவுன்' என்ற சேவை உள்ளது. மனம் உடைந்து தவிப்பவர்கள் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் எந்நேரமும் பேசலாம்.

பங்குத்தந்தையரையும் அருட்சகோதரிகளையும் நாடி வாருங்கள். நீங்கள் நம்பிச் சொல்வதை வேறு யாரிடமும் கதையாகச் சொல்லாமல், நீங்கள் செல்ல வேண்டிய இடத்திற்கு உங்களோடு துணையாக வருவது எங்கள் கடமை.

அன்பார்ந்தவர்களே, இம்மாத அன்பியக் கூட்டத்தில் நற்செய்திப் பகிர்வு முடிந்தபின் பத்து நிமிடங்களை இதற்காக ஒதுக்குங்கள். உங்கள் குழுவில் எவற்றைப் பகிரலாம், எவற்றைப் பகிரக்கூடாது, யாரிடம் சம்மதம் கேட்க வேண்டும் என்று நீங்களே பேசி முடிவு செய்யுங்கள். பெரியவர்களோடு பிள்ளைகளையும் அந்தப் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குத்தான் இவை பற்றி நம்மைவிட அதிகம் தெரியும்.

தம்மிடம் வந்த செய்தியை மனத்திலேயே வைத்துக் காத்த புனித யோசேப்பை நம் குடும்பங்களின் பாதுகாவலராகக் கொண்டிருக்கிறோம். மரியாவின் நற்பெயர் அவருடைய கையில் இருந்தது. அதை அவர் காத்தார். இன்று எத்தனையோ மரியாக்களின் நற்பெயர் நம் கையடக்கக் கருவிகளுக்கு வந்து சேர்கிறது. அதைக் காக்கும் மன உறுதியை அவருடைய பரிந்துரையால் ஆண்டவர் நமக்குத் தருவாராக. ஆமென்.